சளி இருந்தால் ஊசி கூடாதா?



"பிள்ளைக்குச் சளி ஐயா, ஊசியை அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நெய்வேலித் தாய்மார் பலர் எங்களிடம் சொல்வதுண்டு. இலேசான காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இவற்றுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 6, 10, 14ஆம் வாரங்களில் போடவேண்டிய ஊசி தவறினால், கக்குவான் இருமல் கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். கடும் நோயென்றால் மட்டும் தேறும்வரை பொறுக்கலாம்.

முந்தின ஊசியால் மூச்சுத்திணறலோடு கடும் ஒவ்வாமை கண்டிருந்தால் அதே ஊசியை மறுபடி போடலாகாது. ஆகவேதான் செவிலியர் முதலில், "போன ஊசிக்குப் பிறகு பிள்ளை எப்படியிருந்தது?" என்று கேட்கிறார்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் ஒவ்வாமையைக் கவனிக்கவே. சிலர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுகிறார்கள். நாங்கள் பேச்சுக்கொடுத்து உட்காரவைக்கிறோம்.