பனைமலையின் ரேகை

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரில் பெரும்பாலோர் ராஜகிரியின் உச்சியை எட்டிய திருப்தியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே அனந்தபுரத்தைத் தாண்டிச் சென்று, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் பனைமலைக் குன்றின்மேல் எடுப்பித்த தாளகிரீஸ்வரர் ஆலயத்தையும் அவர்கள் தரிசிக்கவேண்டும் என்பது என் விருப்பம். அதன் பக்கச் சந்நிதியொன்றின் சுவரில், சிவபெருமானின் நடனத்தைக் கண்டு நிற்கும் உமாதேவியின் சித்திரம் இன்றும் எஞ்சியிருக்கிறது.

தெய்வ உருவங்களை எழுதப் புகுந்த பழைய சித்திரக்காரன் வர்ணத்திலிருந்து தொடங்குவதில்லை. கருங்கல்லின்மேல் சுண்ணச் சாந்து பூசி, மெழுகி, அது பதப்பட்டபின் முதலில் காவியால் உருவத்தின் எல்லைகளை வரைந்து, உள்ளே நிறங்களை நிரப்பி, இறுதியில் அழுத்தமான கோட்டினால் அங்கங்களைத் தெளிவுபடுத்துவான். இம்முதல் வரைவுக்கென்றே எழுதுகோலும் இருந்தது. விளக்குக் கரியைச் சோற்றோடு பிசைந்து உருட்டி வர்த்திகை என்னும் அக்கோலைச் செய்யும் விதத்தைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் விவரிக்கிறது. கிராபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்ட பென்சில் பிரான்ஸில் பிறந்தது 1795இல்தான். அதற்கு இரண்டாண்டு முன்பு ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன், ஹோமரின் காவிய மாந்தரை நிழலும் நிறமுமின்றி வெறுங்கோட்டிலேயே தீட்டி ஐரோப்பாவை வியக்கவைத்தார். ரேகையின் அந்தப் பெருமையை நம் பழைய ஓவிய நூலான சித்திரசூத்திரம் அதற்கு வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தது.

பனைமலை தேவியை அருகே நின்று பாருங்கள். தலைமேல் குடை, சிரத்தில் மகுடம், ஒரு காலை மடித்துப் பின்புறம் ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் மற்றொரு காலில் தாங்கியிருக்கிறாள். அப்பாரம் ஒருபுறமாய்ச் சாய்வதனால் இடை வளைகிறது, அதற்கு ஈடுசெய்யத் தலை சரிகிறது. இத்தனையையும் உணர்த்துவது கோட்டின் நெளிவேயன்றி வேறில்லை. ஆடும் பெருமானின் உருவமோ பெரிதும் அழிந்துவிட்டது. அந்த நஷ்டத்தை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஓவியனின் முதல் வரைவையே காண விழைவோர் காஞ்சிக்குச் செல்லலாம். அதே ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயத்தின் சிற்றறைகளில், 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரே கண்டெடுத்த சித்திரங்களுள், சோமாஸ்கந்தர் உருவத்தில் நிறம் உதிர்ந்த இடங்களிலெல்லாம் காவிக்கோடு துலங்குகிறது.