பேலன் குறியீட்டைப் படிக்கும் முறை

ஒகேனக்கலில் காவிரி மலைகளுக்கிடையே பள்ளத்தில் பாய்கிறது. பண்பலை அலைகளோ பெரும்பாலும் நேர்கோட்டில் பரவுபவை என்பதால், தருமபுரி வானொலியின் 102.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு மலைமறைவில் மெலியக்கூடும், அங்கே கூரை ஆன்டெனா கைகொடுக்கும். இந்த அலைவரிசைக்குரிய மடிப்பு இருமுனை ஆன்டெனா ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுடையது. அதன் இரு முனைகளும் நிலத்தைப் பொறுத்துச் சமநிலையில் இருக்க, மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, சுமார் 300 ஓம் ஆகும். கீழிறங்கும் கோஆக்சியல் கேபிளுக்கோ 75 ஓம்தான். அதன் வெளியுறை எர்த்துடன் சேர்ந்தது. பொருந்தாத இவ்விரண்டையும் இணைக்கும் சிறு மின்மாற்றியே பேலன். அது இல்லையெனில் வெளியுறையின் மேற்பரப்பிலும் மின்னோட்டம் பாய்ந்து, கேபிளே வீட்டு மின்கருவிகளின் இரைச்சலை வாங்கும் ஆன்டெனாவாகிவிடும்.

சுற்று வரைபடத்தில் மின்மாற்றி என்பது எதிரெதிரே வரையப்படும் இரண்டு வளைவு வரிசைகள். இடையே கோடு இல்லையெனில் காற்று உள்ளகம். முழுக்கோடுகள் இரும்புத் தகடுகளையும், விட்டுவிட்டு வரையும் கோடுகள் ஃபெரைட் அல்லது இரும்புத்தூள் உள்ளகத்தையும் குறிப்பது மரபு. ஆயினும் ஃபெரைட்டுக்கும் முழுக்கோடு போடுவோர் உண்டு. ஆகவே கோட்டை மட்டும் நம்பாமல் உதிரிப்பாகப் பட்டியலையும் பார்ப்பதே நல்லது.

எல்லாவற்றினும் முக்கியமானது சுருளின் ஒரு முனையில் இடப்படும் புள்ளி. ஒரு சுருளின் புள்ளிமுனை நேர்மின்னழுத்தம் பெறும் கணத்தில் மற்றதன் புள்ளிமுனையும் அதையே பெறும் என்பது அதன் பொருள். பெல் ஆய்வகத்தின் ரூத்ராஃப் 1959-இல் விவரித்த 4:1 பேலனில், ஒரு சுருளின் புள்ளிமுனை மற்றதன் புள்ளியற்ற முனையோடு சேர்ந்து, அந்தச் சந்திப்பு எர்த்துக்குச் செல்கிறது. கேபிளின் நடுக்கம்பி ஒரு வெளிமுனையிலும், ஆன்டெனா இரு வெளிமுனைகளிலும் இணைகின்றன. மின்னழுத்தம் இரட்டிப்பதால் மின்மறுப்பு நான்கு மடங்காகி, 75 ஓம் 300 ஓமுக்குப் பொருந்துகிறது. புள்ளியைக் கவனியாமல் ஒரு சுருளைத் திருப்பி இணைத்தால் இரு வெளிமுனைகளிலும் ஒரே மின்னழுத்தம் நிற்கும். அவற்றிடையே வேறுபாடு இல்லாததால் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடையே சைகை கடக்காது.

சுவிட்சர்லாந்தின் குவனெல்லா 1944-இல் வெளியிட்ட 1:1 வகையின் குறியீடும் இதே இணைச்சுருள்கள்தான். ஆனால் அங்கே கேபிளின் இரு கம்பிகளும் இரு சுருள்களின் இடமுனைகளிலும், ஆன்டெனா வலமுனைகளிலும் இணைவதால், சைகை ஒரு சுருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் இரண்டின் வழியாகவும் நீளவாக்கில் செல்கிறது. கம்பி எந்த முனையில் சேர்கிறது என்று பின்தொடர்ந்தால்தான் இந்த வேறுபாடு புலப்படும்.