வானிலையின் கண்கள் – 9: ஸ்கேன் அட்டவணையும் மேகம் சொல்லும் காற்றும்

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் வானிலைச் செயற்கைக்கோள் காற்றை நேரடியாக அளப்பதில்லை. ஒரே பகுதியை அடுத்தடுத்து மூன்று முறை படமெடுக்கிறது. முதல் படத்தில் தெரிந்த மேகத் திட்டோ நீராவித் திரளோ அடுத்த படங்களில் எங்கே இருக்கிறது என்று கணினி தேடுகிறது. நகர்ந்த தூரத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நகர்ந்த போக்கு திசையைத் தரும். மேகத்தின் வெப்பநிலை அதன் உயரத்தை மதிப்பிட உதவும். படமெடுக்கும் அட்டவணைதான் இந்தக் கணக்கின் வகு எண். அட்டவணை மாறினால் காற்றுத் தரவின் தரமும் மாறும்.

டெல்லி புசா ரோட்டுக்கு மேற்கே உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்திலிருந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் உழவர்களுக்கான வானிலை ஆலோசனை வெளியாகிறது. மருந்து தெளிக்கலாமா, நீர் பாய்ச்சலாமா என்பதை முடிவு செய்ய அடுத்த ஐந்து நாட்களின் மழையோடு காற்றும் தெரிய வேண்டும். அந்த முன்னறிவிப்பைத் தரும் கணினி மாதிரிகளுக்குக் கடல்மேல் வீசும் காற்றின் நிலவரம் தேவை. மேல்காற்றை அளக்கும் பலூன்கள் பொதுவாகக் காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்கில் பறக்கவிடப்படுகின்றன. கடலில் அவை அரிது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதை அறிவிக்கும்போது மழையளவுடன் அரபிக்கடல் மேலைக்காற்றின் வேகமும் ஆழமும் பார்க்கப்படுகின்றன. கடல்மேல் பலூன்கள் விடும் இடைவெளியை நிரப்புபவை செயற்கைக்கோள் காற்றுகள்.

2002 செப்டம்பர் 12 அன்று ஏவப்பட்ட இந்திய வானிலைச் செயற்கைக்கோளான கல்பனா-1, பூமியின் முழு வட்டத்தைப் படமெடுக்க ஏறத்தாழ 33 நிமிடம் எடுத்துக்கொண்டது. அரை மணிக்கொரு படம் வேண்டுமானால் வட, தென் ஓரங்களை விட்டுவிட்டு 23 நிமிடத்தில் முடிக்கும் முறையே கைகொடுத்தது. 2013 ஜூலை 26 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டி முழு வட்டத்தையே சுமார் 26 நிமிடத்தில் முடித்ததால், 30 நிமிட அட்டவணை இயல்பாகப் பொருந்தியது. அதன் பார்வைத் தெளிவு கட்புல ஒளியில் 1 கிலோமீட்டர், வெப்ப அகச்சிவப்பில் 4 கிலோமீட்டர், நீராவி அலைவரிசையில் 8 கிலோமீட்டர்.

இடைவெளியைக் குறைத்தாலே காற்று துல்லியமாகிவிடாது. 4 கிலோமீட்டர் பிக்சலில் மேகத்தின் இடத்தை ஒரு பிக்சல் தவறாகக் கணித்தால், 30 நிமிட இடைவெளியில் பிழை வினாடிக்கு 2.2 மீட்டர். அதே தவறு 15 நிமிடத்தில் 4.4 மீட்டராகவும், 5 நிமிடத்தில் 13 மீட்டருக்கு மேலாகவும் வளரும். பிக்சலுக்குள்ளேயே இடத்தைக் கணிக்கும் முறைகள் இதைக் குறைக்கின்றன. மறுபுறம், இடைவெளி நீண்டால் மேகமே உருமாறிவிடும். சிறு திரள்மேகங்கள் பல, அரை மணிக்குள் தோன்றிக் கலைபவை. வெகுநேரம் வடிவம் மாறாத உயர நீராவித் திரளுக்கு 30 நிமிடம் பொருந்தும். கட்புல ஒளியில் தெரியும் தாழ்மேகத்துக்குக் குறுகிய இடைவெளியே ஏற்றது. ஜப்பானின் ஹிமாவாரி-8 முழு வட்டத்தை 10 நிமிடத்துக்கொருமுறை எடுக்கும் திறனோடு வந்தது. அதன் அகச்சிவப்பு பிக்சலும் 2 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்ததால் அந்த வேகம் பயன்தந்தது.

ஒரு படம் ஒரே நொடியில் எடுக்கப்படுவதுமில்லை. இன்சாட்-3டி படக்கருவியின் கண்ணாடி கிழக்கு மேற்காக அசைந்து வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாக இறங்குகிறது. மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 26 நிமிட வேறுபாடு உண்டு. ஒரே வரி அடுத்தடுத்த படங்களில் 30 நிமிடம் தள்ளியே வருவதால் வேகக் கணக்கு கெடாது. காற்றுக்கு இடும் நேரக் குறிப்புதான் கெடும். வினாடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றில் மேகம் 15 நிமிடத்தில் 36 கிலோமீட்டர் போய்விடும். எனவே ஒவ்வொரு வரியும் எடுக்கப்பட்ட நேரம் மாதிரிக்குத் தெரிய வேண்டும். மார்ச், செப்டம்பரையொட்டிச் செயற்கைக்கோள் நள்ளிரவில் பூமியின் நிழலில் புகும் நாட்களில் படங்கள் விடுபடலாம். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த நேரத்துக் காற்றுக் கணக்கு முழுமை பெறாது.

2016 செப்டம்பர் 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஆர் ஏவப்பட்டது. 82 பாகைக் கிழக்கில் 3டி-யும் 74 பாகைக் கிழக்கில் 3டிஆர்-உம் மாறி மாறிப் படமெடுத்ததால் 15 நிமிடத்துக்கொரு காட்சி கிடைத்தது. ஆனால் இரண்டின் படங்களையும் அப்படியே கலந்து காற்றைக் கணக்கிட முடியாது. 12 கிலோமீட்டர் உயர மேகம் இரு கோணங்களிலிருந்து பார்க்கையில் நிலநடுக்கோட்டருகே சுமார் 2 கிலோமீட்டர் விலகித் தெரியும். 15 நிமிட இடைவெளியில் அது வினாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்ட பொய்க்காற்று. ஒவ்வொரு செயற்கைக்கோளின் காற்றையும் அதன் சொந்தப் படங்களிலிருந்து கணக்கிட்டால் இந்தப் பிழை நேராது.

புயல் காலத்தில் 3டிஆர் குறுகிய பட்டையை மட்டும் சில நிமிடங்களுக்கொருமுறை ஸ்கேன் செய்ய முடியும். புயலைச் சுற்றிய மேகங்களின் ஓட்டம் அப்போது நெருக்கமாகத் தெரியும். ஆனால் அந்நேரம் பட்டைக்கு வெளியே உள்ள கடல்களை அந்தக் கருவி பார்ப்பதில்லை. மற்றொரு செயற்கைக்கோள் முழு வட்டத்தைத் தொடர்ந்து பார்க்கும்போதுதான் இந்த முறை இழப்பில்லாமல் நடக்கும். 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் அதே வகைக் கருவியோடு சென்றதன் பயன் இதில் உண்டு: முழு வட்டமும் விரைவு ஸ்கேனும் ஒன்றுக்கொன்று இடையூறில்லாமல் நடக்கக் குறைந்தது இரு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

(தொடரும்)