உறைபனியிலும் உருளும் சக்கரங்கள்

பனி என்னும் சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண்முன் தோன்றுவது மார்கழி விடியலிலே புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது, முன்பனி, பின்பனி என அவற்றுள் இரண்டுக்குப் பனியின் பெயரையே இட்டனர். ஆயினும் அவர் கண்ட பனி, கதிரவன் சற்றே மேலெழுந்ததும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோகும் பனி. எமது நாட்டில் துவிச்சக்கரவண்டியில் வேலைக்குச் செல்வோரைச் சோதிக்கும் காலமும் பனிக்காலமன்று, அது மாரிகாலமே. விழுந்த இடத்திலேயே மாதக்கணக்காகக் கிடந்து, மனிதர் காலடியிற் கல்லாக இறுகும் வெண்பனியை நாம் அறியோம். அத்தகைய பனியின்மேல் நாள்தோறும் வண்டி மிதித்துத் தொழிலுக்கும் பாடசாலைக்கும் செல்லும் மக்கள் உளர் என்றால், முதலில் நம்புவது அரிதே.

பின்லாந்து நாட்டில், பொத்னியா வளைகுடாவின் வடகோடிக்கு அண்மையில், ஓலு என்றொரு நகரம் உண்டு. வட அகலக்கோடு 65 பாகையில் அமைந்த அந்நகருக்கும் ஆட்டிக் வட்டத்துக்கும் இடையேயுள்ள தூரம் 200 கிலோமீற்றருக்கும் குறைவு. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். ஏறத்தாழ ஐந்து மாதம் நிலம் பனியால் மூடிக்கிடக்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் குளிர் அங்கு எவரையும் வியக்கவைப்பதில்லை. மார்கழி நடுப்பகுதியிற் கதிரவன் தோன்றும்போது காலை பத்து மணி கடந்துவிடும். பிற்பகல் இரண்டு மணியளவில் அவன் மறைந்துவிடுவான். வேலைக்குச் செல்வோர் இருளிற் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய நகரில் ஆண்டு முழுவதும் நிகழும் பயணங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று துவிச்சக்கரவண்டியில் நிகழ்கின்றது. கடுங்குளிர் மாதங்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் அது நிலைத்து நிற்கின்றது. இம்மக்கள் எம்மினும் வேறான தசையாலும் குருதியாலும் ஆனவர்களோ என்று கேட்கத் தோன்றும். அங்ஙனம் எண்ணுவது தவறு. இதனினும் எத்தனையோ மடங்கு குளிர் குறைந்த ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், முதற்பனி விழுந்த அன்றே வண்டிகள் கொட்டிலுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே குளிரையோ குளிரைத் தாங்கும் வலிமையையோ மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

குளிரும் உடலும்

குளிர் அத்துணை பெரிய பகையன்று. பெடலை மிதிக்கும் உடல் தானே ஒரு சிறு உலையாகிவிடுகின்றது. வீட்டு வாயிலிற் சற்றே நடுங்குமாறு உடுத்துப் புறப்படுபவனே அறிவாளி என்பது அங்குள்ளோர் அனுபவம். பத்து நிமிடத்தில் அந்நடுக்கம் நீங்கிவிடும். மிகையாக உடுத்துப் புறப்படுபவனுக்கு வியர்வை பெருகும். வியர்வையில் நனைந்த துணி உடலின் வெப்பத்தைக் களவாடிவிடும். எனவே உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் சட்டை என ஒன்றன்மேல் ஒன்றாக அணிகின்றனர். விரல்நுனி, செவி, கால்விரல் ஆகியவையே முதலில் விறைப்பன. அவற்றைக் காத்துக்கொண்டாற் போதும். மூச்சின் ஈரம் கண்ணிமை மயிரிற் பட்டு வெண்மணிகளாக உறைவதைக் கண்டு அவ்வூர்ச் சிறுவர் சிரித்துக்கொள்வர்.

வண்டியும் பருவத்துக்கேற்ப மாறுகின்றது. ரயர்களிலே டங்ஸ்ரன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளால் முனையமைந்த சிற்றாணிகள் நூற்றுக்கு மேல் பதிக்கப்பட்டிருக்கும்; அவை பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தாற் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே தடை பிடிக்கும் பழைய அமைப்பைப் பலர் விரும்புகின்றனர். ஈரம் புகுந்து உறைந்துபோகும் கம்பியை நம்பவேண்டிய தேவை அதில் இல்லை. வாயு விதிகளைப் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு நல்ல கணக்கும் உண்டு. 20 பாகை வெப்பமுள்ள அறையிற் காற்றடைத்த ரயரைப் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக்குக் கொண்டுசென்றால், உள்ளிருக்கும் காற்றின் முழு அமுக்கம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

வழுக்கலின் இயல்பு

குளிரைவிட அஞ்சத்தக்கது வழுக்கலே. பனிக்கட்டியின் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழும் நீர்போன்ற மெல்லிய படையொன்று உண்டு என்ற கருத்தை மைக்கேல் பரடே 1850 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். வெப்பநிலை உறைநிலையை அணுக அணுக அப்படை தடிக்கும். கடுங்குளிரில் அது மெலிந்துபோகும். ஆதலால் நாம் நினைப்பதற்கு மாறாக, நன்கு இறுகிய பனியின்மேல் கடுங்குளிர் நாளிற் செல்வது எளிது. அபாயம் விளைவிப்பது பகலில் உருகி இரவில் உறையும் இடைப்பட்ட காலமே. அக்காலத்திற் பாதை கண்ணாடியாகிவிடும்.

உப்பைத் தூவிப் பனியை உருக்குவது பல நகரங்களின் வழக்கம். ஆயின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையை அடையும்போதே உப்பின் ஆற்றல் பெரிதும் தளர்ந்துவிடுகின்றது. 21 பாகைக்குக் கீழே உப்புநீரும் உறைந்துவிடும். மேலும் அரைகுறையாக உருகிய சேற்றுப்பனி சக்கரத்தைப் புதைக்கும்; சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே ஓலு நகரத்தார் பெரும்பாலும் பனியை உருக்க முயல்வதில்லை. தளர்ந்த பனியை வழித்தொதுக்கி, எஞ்சியதை இறுகவிட்டு, பற்களுள்ள தகட்டினால் அதன் மேற்பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, வேண்டிய இடங்களிற் பொடிச்சல்லி தூவுகின்றனர். பகையாக வந்த பனியே பாதையின் மேற்றளமாகிவிடுகின்றது.

விடியுமுன் விழிப்போர்

காரணம் இப்பொழுது புலப்படத் தொடங்குகின்றது. இரவிற் பனி பொழிந்தால், ஊர் உறங்கும்போதே வழிப்பு இயந்திரங்கள் புறப்பட்டுவிடும். முதன்மையான துவிச்சக்கரவண்டிப் பாதைகள், மக்கள் வேலைக்குப் புறப்படுமுன் துப்புரவாகிவிட வேண்டும் என்பது அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கடமை. மோட்டார் வீதியை முதலிற் கவனித்து, நேரம் மிஞ்சினால் மட்டும் இவற்றைக் கவனிக்கும் வழக்கம் அங்கில்லை.

பாதையின் அமைப்பும் கருதத்தக்கது. நடப்போர்க்கும் வண்டி மிதிப்போர்க்கும் உரிய 900 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் அந்நகரில் உள்ளன. அவற்றுட் பல, மோட்டார் வீதியின் ஓரத்திற் கோடு கிழித்து ஒதுக்கப்பட்டவையல்ல. இடையே நிலப்பட்டி விட்டுத் தனியே அமைக்கப்பட்டவை. கோடையில் அப்பட்டி புற்றரை. குளிர்காலத்தில் வழித்த பனியைக் குவிக்கும் இடம். இப்பட்டி இல்லாத நகரங்களில் மோட்டார் வீதியிலிருந்து தள்ளப்படும் பனி வண்டிக்காரரின் பாதையிலேயே மலையாகக் குவிந்துவிடுகின்றது. பெருவீதிகளைக் குறுக்கிடும் இடங்களிலே ஏறத்தாழ 300 சுரங்கவழிகள் உள்ளன. உறைந்த சந்தியில் நின்று, வழுக்கி, மீண்டும் புறப்படும் இடர் அங்கே பெரும்பாலும் இல்லை.

இவ்வேற்பாட்டின் பயனைக் காணப் பாடசாலைக்குத்தான் செல்லவேண்டும். ஏறத்தாழ 1,200 மாணவர் பயிலும் மெற்சோகங்காஸ் பாடசாலையிற் குளிர்காலத்திலும் மிகப் பெரும்பாலோர் துவிச்சக்கரவண்டியிலேயே வருகின்றனர். பனி போர்த்த அதன் முற்றத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும் படம் உலகின் பல பாகங்களிலும் பரவியது. பிறர்க்கு அது புதுமை. அப்பிள்ளைகளுக்கோ அது மற்றொரு நாள். குளிர்காலத் துவிச்சக்கரவண்டிப் பயணம் பற்றிய முதலாவது சர்வதேச மகாநாடு 2013 ஆம் ஆண்டில் இந்நகரிலேயே கூடியது பொருத்தமே.

ஓலுவை விண்ணுலகமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. அங்கும் மோட்டார்க் கார்கள் மிகுதி. குளிர் வந்தால் வண்டி மிதிப்போர் தொகை குறையவே செய்கின்றது. வழுக்கி விழுந்து எலும்பு முறிவோரும் உண்டு. தூவிய பொடிச்சல்லி இளவேனிலிற் புழுதியாக எழுந்து மூச்சைத் தாக்குகின்றது. அதனையும் கூட்டி அள்ளவேண்டும். ஒரு கடமை மற்றொரு கடமையைப் பெற்றெடுக்கின்றது. எனினும் அந்நகரம் கற்பிக்கும் பாடம் தெளிவானது. தனிமனிதனின் துணிவை நம்பி விடப்பட்ட பாதையிலே துணிந்தவர் மட்டுமே செல்வர். பலருடைய பொறுப்புணர்ச்சியால் பேணப்படும் பாதையிலே பத்து வயதுச் சிறுமியும் செல்வாள். எழுபது வயது மூதாட்டியும் செல்வாள்.

எமது நாட்டிலும் மாரிகாலத்து வெள்ளத்தினூடே, நீருக்கடியில் மறைந்துகிடக்கும் குழியைக் கால்களாலும் ஊழாலும் கணித்தபடி, நேரந்தவறாது பாடசாலையை அடையும் ஆசிரியரைக் காண்கிறோம். கடமை தவறாதவர் என்று அவரைப் போற்றுகிறோம். போற்றுதல் நன்றே. ஆனால் அவர் கடமையைச் செய்துவிட்டார். அந்த வீதிக்குக் கடமைப்பட்டவர் செய்தனரா என்பதே அடுத்து எழவேண்டிய வினா. அவ்வினாவைக் கேளாமல் அவருடைய பொறுமையை மட்டும் பாராட்டிக்கொண்டிருப்போமாயின், அடுத்த மாரியிலும் அக்குழி அங்கேயே இருக்கும்.