ஊசிக்கு முன்னே சோப்பு

நான் தில்லிக்கு வந்து 35 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 31 ஆண்டுகள் இங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஊரிலிருந்து பெற்றோரை வைத்தியத்துக்கு அழைத்து வரும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், நல்ல ஆன்டிபயாடிக் போடுகிறார்களா?" என்பதுதான். "அந்த வார்டில் ஒழுங்காகக் கை கழுவுகிறார்களா?" என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

1847-இல் வியன்னா நகரப் பெரிய மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். பிரசவ வார்டில் தாய்மார்கள் ஜுரம் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அவர் கண்டுகொண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்த வார்டில், சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. அப்போது ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே உலகில் இல்லை. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928-இல். அவரும் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை பலித்ததில் நாம் குடியிருக்கும் ஊரின் பெயரும் அடிபட்டது. தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நாட்டவரிடம், மிக வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி உள்ள கிருமி 2008-இல் கண்டறியப்பட்டது. அந்த நொதிக்கு நியூ டெல்லியின் பெயரையே வைத்தார்கள். நம் அரசு ஆட்சேபித்தது; ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இதைப் பற்றி 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012-இல் மருத்துவ வல்லுநர்கள் கூடி இதற்கான செயல்திட்டத்தை வகுத்ததும் சென்னையில்தான். அதற்குச் 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர்.

வார்டில் நடப்பது என்ன?

ஒரு நர்ஸ் எப்போதெல்லாம் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து வேளைகளைக் குறித்திருக்கிறது. நோயாளியைத் தொடும் முன். ஊசி, கட்டு போன்ற சுத்தமான வேலைக்கு முன். ரத்தம், சிறுநீர் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். அவருடைய கட்டில், மேஜையைத் தொட்ட பின். ஸ்பிரிட் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை போட்டிருப்பது கை கழுவியதற்குச் சமம் ஆகாது.

கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு மாமிக்கு இடுப்பெலும்பு அறுவை நடந்தது. மறுநாளே ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தி, சிறுநீர்க் குழாயையும் எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மகனுக்குக் கோபம். "பணம் கட்ட மாட்டோம் என்று நினைத்துவிட்டார்களா, சிஸ்டர்? அம்மாவால் எழுந்து போகவும் முடியாதே!" என்றார். அவரை உட்கார வைத்துச் சொன்னேன். அறுவைக்கான ஆன்டிபயாடிக் கத்தி வைப்பதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். புண்ணில் கிருமி இல்லாதபோது, அறுவை முடிந்த பிறகு நாட்கணக்கில் அதைத் தொடர்வதால் லாபமில்லை. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. பெட்பேன் வைப்பது எங்களுக்குச் சிரமம்தான்; ஆனால் மாமிக்கு அதுவே நல்லது. ஆறாம் நாள் மாமி ஜுரம் இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இன்னொரு பெரியவர் மகன் வீட்டில் ஜலதோஷம், இருமல் என்று ஒரே மாதத்தில் மூன்று முறை கெமிஸ்ட் கடை ஆன்டிபயாடிக்கை இரண்டிரண்டு நாள் சாப்பிட்டிருந்தார். பிறகு வேறொரு நோய்க்காகப் படுக்கையில் விழுந்து எங்களிடம் வந்தார். அவருடைய கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. மசியும் என்று பொருள்படும் 'எஸ்' ஒரே ஒரு மருந்துக்குத்தான். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அந்தக் கிருமி வீட்டிலிருந்து வந்ததா, வார்டில் தொற்றியதா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர் வீடு திரும்பவில்லை.

நாம் செய்யக் கூடியவை

ஊரிலிருந்து வரும் மஞ்சள் பையில் ஊறுகாய், வடகத்தோடு மீந்த மாத்திரைப் பட்டையும் வருகிறது. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இந்தக் கோட்டின் பொருளை மக்களுக்குச் சொல்ல 2016-இல் அரசே பிரசாரம் செய்தது. 2014 மார்ச்சில் 46 மருந்துகளோடு எச்-1 என்ற தனிப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அவற்றை விற்றால் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஜலதோஷம், டெங்கு போன்றவை வைரஸால் வருபவை. அவற்றை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது.

நோயாளியோடு தங்குபவர்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கை கழுவுங்கள். சிறுநீர்ப் பை தரையில் படக் கூடாது. நோயாளியின் இடுப்பு மட்டத்துக்கு மேலே தூக்கவும் கூடாது. ட்ரிப்ஸ் ஏற்றும் இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே சொல்லுங்கள். திருநீற்றை நெற்றியில் பூசுங்கள்; காயக் கட்டின் பக்கம் வேண்டாம். "சிஸ்டர், கை சுத்தம் செய்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல நர்ஸ் அதற்குக் கோபப்பட மாட்டாள்.

அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ இங்கே அழைத்து வருமுன், கடந்த ஆறு மாதத்தில் அவர்கள் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் பெயர்களையும் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். எந்த மருந்தைத் தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்ய அந்தத் தாள் பெரிதும் உதவும்.