ஐராவதிக் கரையில் ஒரு நிலைவிளக்கு

பர்மா என்ற பெயர் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள், சென்னையின் பர்மா பஜார், அங்கே தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ, "எங்கள் தாத்தா இரங்கூனில் இருந்தார்" என்ற பேச்சு எல்லாம் அந்த நாட்டின் மிச்சங்கள். ஆனால் நமக்குத் தெரிந்த பர்மா, பிழைக்கப் போன பர்மா. இரங்கூன் துறைமுகம், கழிமுகத்து நெல் வயல்கள், வட்டிக்கடைகள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. இரங்கூனுக்கு வடக்கே சுமார் 300 மைல் தொலைவில் இன்னொரு பர்மா இருக்கிறது. அதன் பெயர் பகான்.

ஐராவதி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், அதன் கிழக்குக் கரையில், ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்புள்ள வறண்ட சமவெளி அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்கல் கோபுரங்கள். கோயில்கள், தூபிகள், மடங்கள் என 3,595 சின்னங்கள் அங்கே பதிவாகியுள்ளன. 2019-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானவை 11-ம் நூற்றாண்டுக்கும் 13-ம் நூற்றாண்டுக்கும் இடையே எழுந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கலசம் வைத்தது 1010-ல். அதற்கு 34 ஆண்டுகள் கழித்து, 1044-ல், பகானின் அரியணையில் அனவரதா அமர்ந்தான். கட்டுமான வேலை அவன் காலத்தில்தான் மும்முரமாயிற்று.

ஏழு நாள் விசா

தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கையிருப்பு கரையும்வரை ஊர் ஊராகச் சுற்றும் இளைஞர் கூட்டம் 1970-களில் ஆசியா முழுவதும் கிளம்பியது. பர்மாவில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழே நாள் விசா. எட்டாம் நாள் நாட்டில் இருக்கக் கூடாது. ஆகவே இரங்கூனில் இறங்கியவுடன் ஓட்டம்தான். மாந்தலேக்கு 386 மைல் இரயில் பயணம், அங்கிருந்து படகிலோ பஸ்ஸிலோ பகான், மறுபடி இரங்கூன்.

இந்தப் பயணத்துக்குச் செலவு எப்படிச் சமாளித்தார்கள் என்பது அந்நாளைய பயணிகள் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். வரும் வழியில் விமான நிலையத்தில் ஒரு புட்டி ஜானி வாக்கர் விஸ்கி, ஒரு பெட்டி 555 சிகரெட். இரண்டையும் இரங்கூனில் டாக்ஸி ஓட்டுநரிடமே விற்றால் ஒரு வாரச் செலவில் பெரும் பகுதி தேறிவிடும்.

பகானுக்குள் குதிரை வண்டியும் வாடகைச் சைக்கிளும் கால்நடையும்தான் வாகனம். பிற்காலத்தில் பாட்டரி ஸ்கூட்டர்களும் வந்தன. எல்லாவற்றையும்விட நடைக்கே அங்கே மதிப்பு. ஏனென்றால் கோயில் வாசலில் செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கழற்ற வேண்டும். ஏப்ரல் வெயிலில் செங்கல் தளத்தில் கால் வைப்பது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நண்பகலில் நடப்பது போன்றது.

இந்தச் செருப்பு விஷயம் பர்மாவில் ஓர் அரசியல் போராட்டமாகவே நடந்தது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் காலுடன் விகாரைகளுக்குள் நுழைவதைப் பர்மிய இளைஞர்கள் எதிர்த்தனர். அந்தந்த விகாரையின் தலைமைப் பிக்குவே இதை முடிவு செய்யலாம் என்று 1919-ல் அரசு இறங்கி வந்தது. தேசிய இயக்கத்துக்கு அது ஓர் ஆரம்ப வெற்றி.

ஊசி நுழையாத சுவர்

பகானில் எல்லாவற்றையும் பார்ப்பது யாராலும் ஆகாத காரியம். ஒரு நாள் மட்டும் கிடைப்பவர் ஆனந்தா கோயிலுக்குப் போவார். 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியான்சித்தா மன்னன் கட்டியது. நான்கு திசைகளிலும் நான்கு புத்தர்கள், ஒவ்வொருவரும் 30 அடிக்கு மேல் உயரம், நின்ற திருக்கோலம். சுவரில் மறைவாக விட்ட சாளரங்கள் வழியே வரும் வெளிச்சம் சரியாகத் திருமுகத்தில் விழுகிறது. தெற்குப் புத்தரைத் தூரத்திலிருந்து பார்த்தால் புன்னகை தெரியும். காலடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தப் புன்னகை மறைந்து கண்டிப்பான முகம் தெரியும். இந்தக் கோயிலின் பழுதுபார்க்கும் பணியில் இந்தியத் தொல்லியல் துறையும் பங்கு கொண்டது.

ஆனந்தாவுக்குத் தென்கிழக்கே தம்மயாஞ்சி. பகானிலேயே பருமனானது. தந்தையைக் கொன்று பட்டத்துக்கு வந்த நரது என்னும் மன்னன் பாவம் தீரக் கட்டியதாக வரலாறு. இரு செங்கற்களுக்கு நடுவே ஊசி நுழைந்தால் கொத்தனாரின் கை போகும் என்று அவன் உத்தரவிட்டானாம். கதை எப்படியோ, சுவர்களின் இணைப்பு இன்றும் வியப்பூட்டுகிறது. அவனும் மூன்றே ஆண்டுகளில் கொல்லப்பட்டான். உட்சுற்றுப் பாதையைச் செங்கல் இடிபாடுகளால் அடைத்துவிட்டார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

இவ்வளவு கோயில்கள் எதற்கு? புண்ணியத்துக்கு. மன்னன் மட்டுமல்ல, ராணிகளும் அமைச்சர்களும் வசதியுள்ள குடிகளும் கட்டினார்கள். கட்டியவர் கல்வெட்டும் வைத்தார்: எவ்வளவு நிலம், எத்தனை ஊழியர், வேலையாட்களுக்கு என்ன கூலி, இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்பவனுக்கு என்ன சாபம். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுக்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய பாணி. கோயிலுக்குக் கொடுத்த நிலத்துக்கு வரி இல்லாமற் போனதால் கஜானா வற்றியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மங்கோலியப் படையெடுப்பும் சேர்ந்துகொள்ள, 1287-ல் அரசு சிதறியது. கோயில்கள் நின்றன.

மியின்கபாவில் கிடைத்த கல்

பழைய நகரச் சுவருக்குத் தெற்கே ஒரு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் மியின்கபா என்ற கிராமம். மூங்கிலாலும் குதிரை மயிராலும் பின்னிய கிண்ணங்களுக்கு மரப்பால் பூசி, உலர்த்தி, மறுபடி பூசிப் படம் கீறுவது அங்கே பரம்பரைத் தொழில். நல்ல கிண்ணம் ஒன்று முடிய மாதக் கணக்காகும்.

இந்தச் சிற்றூரில் இரண்டு கல்வெட்டுக்கள் கிடைத்தன. முதலாவது உலகப் புகழ் பெற்றது. சாகக் கிடந்த கியான்சித்தாவுக்காக அவன் மகன் ராஜகுமாரன், தாயின் நகைகளைக் கொண்டு பொன் புத்தர் செய்து வைத்த செய்தி அதில் இருக்கிறது. அரியணை ராஜகுமாரனுக்குக் கிடைக்கவில்லை, பேரனுக்குப் போயிற்று. ஆனாலும் மகன் தன் கடமையைச் செய்தான். 1113-ஐ ஒட்டிய இந்தக் கல்வெட்டு பாலி, மோன், பர்மிய, பியூ என்னும் நான்கு மொழிகளில் உள்ளது. மறைந்துபோன பியூ மொழியை அறிஞர்கள் படித்தறிய இதுவே திறவுகோல்.

இரண்டாவது கல்லை அவ்வளவு பேர் அறிய மாட்டார்கள். அது 13-ம் நூற்றாண்டு எழுத்தில் அமைந்த தமிழ்க் கல்வெட்டு. முகுந்தமாலையிலிருந்து ஒரு வடமொழிச் சுலோகத்துடன் தொடங்கி, பிறகு தமிழில் விஷயத்தைச் சொல்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் புக்கம் என்னும் ஊரில் நானாதேசி விண்ணகரத்துக்கு ஒரு மண்டபம் கட்டினார். திருக்கதவு இட்டார். மண்டபத்தில் எந்நேரமும் எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார். புக்கம் என்பது பகான்தான். மலைமண்டலம் இன்றைய கேரளம். நானாதேசி என்றால் பல தேசங்களிலும் வியாபாரம் செய்த வணிகர் கூட்டம். விண்ணகரம் என்றால் பெருமாள் கோயில்.

செய்தி இவ்வளவுதான். நம்பி அரசரல்ல, படைத்தலைவருமல்ல. கடல் கடந்து, ஆற்றோடு மேலேறி, மொழி புரியாத ஊருக்கு வந்தவர். அந்த ஊர் புத்தரின் ஊர். அங்கே வெளியூர் வியாபாரிகள் தங்கள் பெருமாளுக்கு ஒரு கோயில் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. தாம் ஊர் திரும்பினாலும் அணையாமல் இருக்கட்டும் என்று ஒருவர் விளக்கு வைக்க முடிந்திருக்கிறது. பிற மாநிலத்தில் குவார்ட்டர்ஸ் எடுத்துக் குடியேறி, பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டு ஒரு பிள்ளையார் கோயில் எழுப்பிய தமிழர்களுக்கு நம்பியின் மனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய நகரச் சுவருக்குள், தப்பின்யூ கோயிலருகே, இன்றும் ஒரு விஷ்ணு கோயில் நிற்கிறது. நத்லாங் கியாங் என்று பெயர். வெளிச் சுவரில் அவதார உருவங்கள் சிதைந்தும் சிதையாமலும் இருக்கின்றன. சுற்றிலும் உள்ள ஆயிரக்கணக்கான புத்தர் கோயில்களுக்கு நடுவே அது ஒன்றே இன்று எஞ்சியுள்ள இந்துக் கோயில்.

நம்பிக்குக் கிடைத்த அமைதி பின்னால் போனவர்களுக்கு வாய்க்கவில்லை. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். பலர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் இன்னொரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். தமிழ்நாட்டில் ஒட்டாமல் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லையில் தடைபட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு.

பனை மரமும் தண்ணீர்ப் பானையும்

பகானைச் சுற்றிய கிராமங்களில் நடக்கும் தமிழருக்கு அந்நியத்தன்மை சீக்கிரம் மறைந்துவிடும். மழை குறைந்த பூமி. எள், வேர்க்கடலை, பருத்தி. மாடு கட்டிய செக்கு. எங்கும் பனை. அதிகாலையில் ஏணி சார்த்தி ஏறிக் கலயம் இறக்குகிறார்கள். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி உருட்டுகிறார்கள். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை.

பாதையோரத்தில் கூரை வேய்ந்த சிறு மேடை. அதில் மூடியிட்ட இரண்டு மூன்று மண்பானை, மேலே ஒரு குவளை. வழிப்போக்கர் குடிக்க அக்கம்பக்கத்தார் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். நம் தண்ணீர்ப் பந்தல் கோடைக்கு மட்டும். அங்கே ஆண்டு முழுவதும். வழிப்போக்கர் படுத்து எழச் சாவடி உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தால் கேளாமலே பால் இல்லாத பச்சைத் தேநீர் வரும், அதற்குக் காசில்லை.

ஊர்த் தெய்வங்களும் பழக்கமானவர்களே. நத் எனப்படும் முப்பத்தேழு தேவதைகளுக்குத் தலைவன் தஜாமின், அதாவது நம் இந்திரன். மற்றவர்களில் பெரும்பாலோர் அநியாயமாகச் செத்து, பின் தெய்வமானவர்கள். மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரசனால் மரத்தில் கட்டி எரிக்கப்பட்ட கொல்லன் ஒருவன் வீட்டுக் காவல் தெய்வமானான். அவன் தீப்புண் ஆற வீட்டில் தேங்காய் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. சங்கிராந்தி என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது.

இன்றைய நிலை

பகான் பல அடிகளைத் தாங்கியது. 1975 நிலநடுக்கத்தில் பல கோபுரங்கள் சரிந்தன. 2016-ல் சுமார் 400 சின்னங்கள் சேதமடைந்தன. மனிதர் செய்த சேதமும் உண்டு. பழைய நகரத்துக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை 1990-ல் இராணுவ அரசு வெளியேற்றி, தெற்கே புதிய பகான் என்று ஓர் ஊரில் குடியேற்றியது. கோயில் பார்க்க வருபவர்களுக்காகக் கோயிலோடு வாழ்ந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்.

2021 பிப்ரவரி 1-ல் மறுபடியும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. 2025 மார்ச் 28-ல் மாந்தலே, சகாயிங் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பகான் பெரும் சேதமின்றித் தப்பியது. ஆனால் வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த வண்டிக்காரரும் கிண்ணம் செய்பவரும் சிறு விடுதிக்காரரும் பிழைப்பு இழந்து நிற்கிறார்கள். தோள்பையுடன் பர்மாவுக்குக் கிளம்பும் காலம் இது அல்ல.

என்றைக்காவது அமைதி திரும்பும். அன்று போக நினைப்பவர் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது, வெயில் குறைவு. எளிதில் கழற்றும் செருப்பு, முழங்காலை மறைக்கும் உடை, ஒரு டார்ச் விளக்கு போதும். கோயில்களின் மேல் ஏறுவது தடுக்கப்பட்டிருக்கிறது, முயல வேண்டாம். ஆனந்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் மியின்கபாவுக்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். குலசேகர நம்பியின் மண்டபமும் கதவும் விளக்கும் போய்விட்டன. அவர் அவற்றை வைத்தார் என்று சொல்லும் தமிழ்க் கல் கிடைத்த ஊர் அதுதான்.