மூழ்கிய இரண்டு தீவுகள்



மூங்கில்துறைப்பட்டில் வாழும் நமக்கு ஆறு என்றால் தென்பெண்ணைதான். கடலோ நமக்குத் தொலைவு. ஆயினும் நம் தமிழகத்துக் கடலில் நடந்த ஒன்றை இன்று சிந்திப்பது நமக்கு நல்லது.

இராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டி வரிசையாக 21 சிறு தீவுகள் அமைந்திருந்தன. இத்தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை, தமிழக அரசு 1986ஆம் ஆண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

அங்கே என்ன இருக்கிறது? நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் இருக்கின்றன. பவளப்பாறையைப் பார்த்தால் கல் போலத் தோன்றும். உண்மையில் அது மிகச் சிறிய உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்பிய சுண்ணாம்பு வீடு. ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் வகைகளும் உண்டு. அதன் இடுக்குகளில் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. அருகில் கடற்புல் வெளிகள் பரந்துள்ளன. கடற்பசு என்னும் ஆவுளியா ஒரு நாளில் 30 கிலோவுக்கும் மேல் இந்தப் புல்லை மேய்கிறது. கடல் ஆமை, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் இங்கே வாழ்கின்றன.

இந்தப் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் என்று பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற அரண் குறைந்தது. தீவின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 2001ஆம் ஆண்டு பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால் மூழ்கிய தீவைச் சட்டம் மீட்டுத் தருமா? கடல்நீர் சூடேறியதால் 2010, 2016 ஆண்டுகளில் எஞ்சிய பவளங்களும் வெளுத்து, பல மடிந்தன.

பாதுகாப்பு என்றதும் அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்த ஏழைப் பெண்களுக்குத் தடை வந்தது. அவர்களுக்கு வேறு நிலமில்லை, வேறு தொழிலுமில்லை. அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் நலனுக்காக உழைக்கும் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பு 2015ஆம் ஆண்டு பரிசளித்தது. நாள்தோறும் கூலியை நம்பி வாழ்பவர்கள், நாளைக்கும் இருக்கட்டும் என்று தங்கள் வருமானத்தையே குறைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய செயல்!

தீவுக்குப் பவளப்பாறை எப்படியோ, ஆற்றுக்கு மணல் அப்படி. மணல்தான் வெள்ளத்து நீரை வாங்கி நம் கிணறுகளுக்குத் தருகிறது. அதை அள்ளிவிட்டால், ஆறு ஓடிய தடம் இருக்கும், ஊற்று இருக்காது. நாம் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பையும் திருக்கோவிலூரைக் கடந்து, கடலூர் அருகே கடலைச் சேர்கிறது.

வீடு கட்டும்போது எவ்வளவு மணல் வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கிறோமா? அன்றாடங்காய்ச்சிகளான அந்தப் பெண்களால் "இவ்வளவு போதும்" என்று சொல்ல முடிந்தது. நம்மாலும் முடியும். சிந்திப்போம், செயல்படுவோம்.